தியேட்டர் தீயில் யார் யாரைத் தூக்கினார்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே உன் ரத்தக்கொதிப்பும் நலம் என்றால் மட்டும் மேற்கொண்டு படிக்கவும்.

தியேட்டர் தீப்பிடித்தபோது உன் மாமனாரை நம் அப்பா தோளில் தூக்கிவந்து காப்பாற்றினார், ஆகவே தெருவுக்கு அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று நீ மனு கொடுத்தாய்; "வாய்ப்பேச்செல்லாம் செல்லாதும்மா, அந்தக் காலத்துப் பத்திரிகை ஏதாவது கொண்டாங்க" என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள்; ரிட்டயர் ஆகி வெட்டியாகத்தானே இருக்கிறான் என்று நீ என்னை நூலகத்துக்கு விரட்டினாய். போனேன். பழைய பேப்பரைப் புரட்டினால் சருகு மாதிரி நொறுங்குகிறது, தும்மினால் நூலகர் முறைக்கிறார். காலைப் பத்திரிகை "வாலிபர் ஒருவர் மீட்கப்பட்டார்" என்கிறது, மாலைப் பத்திரிகை "யாருக்கும் ஒன்றுமில்லை, முதலாளி மட்டும் மயக்கம்" என்கிறது. ஒரே தீயை ஆளுக்கொரு ஊரில் நின்று பார்த்தார்கள் போலிருக்கிறது. சரி, வார இதழைப் பார்ப்போம் என்று எடுத்தால் கூந்தல் தைல விளம்பரம், காணவில்லை அறிவிப்பு, கதாநாயகி கிணற்றில் விழுந்ததோடு 'தொடரும்' போட்ட ஒரு தொடர்கதை என்று கண் மேய்ந்ததில் பொழுது போய்விட்டது. தொடர்கதைக்குப் பக்கத்தில்தான் அந்தப் போட்டோ இருந்தது. ஒருவர் இன்னொருவரைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். இருவர் முகத்திலும் கரி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நல்லவேளையாகக் கீழே பெயர் போட்டிருக்கிறார்கள். தூக்கி வருபவர் உன் மாமனார். மூட்டை மாதிரித் தொங்குபவர் நம் அப்பா.

பதறிப்போய் உனக்குப் போன் போட்டேன். எடுத்தது அத்தான். என் வாய் சும்மா இருக்குமா, உளறிவிட்டேன். "மாப்ளே, கல்யாணமான நாள்லேருந்து உங்க அக்கா எங்கப்பாவ பயந்தாங்கொள்ளின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா. அந்தப் படத்தப் பெருசா ஒரு காப்பி எடுத்துட்டு வா" என்றார். எனக்கே பாவமாக இருந்தது, அக்கா. ஆகவே மனுவை வாபஸ் வாங்கு. பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்தால் நிறுத்து. அத்தானிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள், ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டாய்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உனக்குப் பொறுமை.

இப்படிக்கு,
விரட்டிய இடத்துக்கெல்லாம் போகும் உன் தம்பி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள், தொடர்கதையில் அந்தப் பெண் பிழைத்தாளா இல்லையா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதால், அடுத்த வார இதழைப் பார்க்க மறுபடி நூலகம் போனேன். பிழைத்துவிட்டாள். அவளுக்குக் கீழே ஒரு வாசகர் கடிதம்: "சென்ற வாரப் படத்தில் பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். தூக்கியவர் என் நண்பர். தொங்கியவன் நான். பார்க்கிறவர்களெல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள், வெளியே தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து திருத்தவும்." எழுதியவர் உன் மாமனார். ஆசிரியரும் வருத்தம் தெரிவித்திருக்கிறார். ஆகவே மேலே நான் எழுதியதெல்லாம் தப்பு, மனு அப்படியே இருக்கட்டும். மன்னிப்பை மட்டும் கேட்டுவிடு. அத்தானுக்குப் படத்தை விட்டுவிட்டு இந்த வாசகர் கடிதத்தைத்தான் பெரிதாகக் காப்பி எடுத்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளி இப்படி எழுத மாட்டான், அக்கா.