பெரிய வாய்க்காரருக்கு ஒரு பல்செட்

பல்செட்டுக்காரர் பாம்புக்குப் பயந்தவர் இல்லை. பேய்க்குப் பயந்தவர் இல்லை. அவர் பயந்ததெல்லாம் ஒரே ஒரு காலுக்கு. அது அவர் மனைவியின் வலது கால்.

உதைக்கிற கால் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் டீச்சர். பயிற்சிக் காரில் ஓட்டப் பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து சீட்டில் இருக்கும் டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் லாரியின் முதுகில் முத்தம் கொடுக்கப் போகும் நேரத்தில் டீச்சர் கத்த மாட்டார். காலை அழுத்துவார், வண்டி நின்றுவிடும். வருஷக்கணக்கில் இப்படி அழுத்தி அழுத்தி அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் கணவர் பேச்சைத் தப்பான பக்கம் திருப்பினால் டீச்சரின் வலது கால் தரையை லேசாக அழுத்தும். பல்செட்டுக்காரர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். சில நாள் பாதிக் கவளத்தில்.

அவர் தொழில் பல் டாக்டர்களுக்குச் செட்டுப் பல் செய்து தருவது. பிடுங்குகிற வீரமெல்லாம் டாக்டருடையது. இவர் பிளாஸ்டர் மாவில் அச்சு எடுத்து, ரோஸ் கலரில் ஈறு வார்த்து, அதில் பல்லை வரிசையாகப் பதித்து, பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுப்பார். யார் வாய்க்குள்ளும் கைவிடத் தேவையில்லாத வேலை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதர் மனைவிக்குத் தெரியாமல் ஒரு மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்றால், அது ஆசை செய்த வேலை.

கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு குட்டி மோட்டார் சைக்கிள் இருந்தது. அது போடும் சத்தத்தை வைத்து அதற்கு 'வண்டு' என்று பேர். புது மனைவியைப் பின்னால் உட்காரவைத்து உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர், யாரோ புதுவீட்டு வாசலில் ஆசை ஆசையாகப் போட்டுவைத்திருந்த ஈர சிமெண்ட் தரையில் இருவரையும் கொண்டுபோய் இறக்கினார். இரண்டு பேர் உட்கார்ந்த அடையாளம் அந்தத் தரையில் இன்னமும் இருக்கிறது. டீச்சர் அந்தத் தெரு வழியாகப் போவதே இல்லை.

அன்றைக்குப் புடவையில் சிமெண்ட் காயக் காய டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார்.

"இனிமே நீங்க ரெண்டு சக்கரத்துல ஏறினா, கோவிச்சுக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போற ஆள் நான் இல்ல. எங்க அம்மாவை இங்க கூட்டிட்டு வந்து நிரந்தரமா வச்சுக்குவேன்."

வண்டு அந்த வாரமே விலைபோனது.

மாமியார் கெட்டவர் இல்லை. பேசுவார், அவ்வளவுதான். மற்றவர்கள் மூச்சு விடும் நேரத்திலும் அவர் பேசுவார். அவருக்குப் பல்செட் செய்து கொடுத்ததும் மாப்பிள்ளைதான். செட் மாட்டுவதற்கு முன்னால் அவர் பேசுவதில் பாதிதான் புரிந்தது. மாட்டியபின் முழுக்கப் புரிந்தது. செய்த வேலை நன்றாக அமைந்துவிட்டதே என்று பல்செட்டுக்காரர் வருந்தியது அந்த ஒரு தடவைதான். பண்டிகை விடுமுறை என்று மாமியார் வந்து தங்கிவிட்டுப் போனால் அவருக்கு ஒரு வாரம் காதில் வண்டு பறக்கும். நிரந்தரம் என்ற வார்த்தையை நினைத்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.

ஆனால் பழைய இரும்புக் கடையில், ஓட்டை வாளிகளுக்கு அடியில், அதே குட்டி வண்டி துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தபோது காதை நெஞ்சு ஜெயித்துவிட்டது. அவர் அதை வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு அதை ஒளிக்க ஒரு திட்டமும் போட்டார்.

திட்டம் என்னவோ பிரமாதமான திட்டம். கடைக்காரரைக் கொண்டே வண்டியைக் கழற்றி, பல்செட் சாமான் வரும் அட்டைப் பெட்டிகளில் போட்டு, துண்டு துண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். சக்கரத்தை மட்டும் பல் என்று சொல்ல முடியாதென்பதால் டீச்சர் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். பின்கட்டில் இருந்த காலி அறையைப் பூட்டிக்கொண்டார்.

"டாக்டர் ஓவர்டைம் கொடுத்திருக்காரு. வீட்டுலயே பல் வேலை பாக்கணும். தூசு பட்டா கெட்டுடும், யாரும் கதவைத் திறக்கக் கூடாது" என்று, ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

டீச்சரின் கால் அசையவில்லை. பல்செட்டுக்காரர் மூச்சை விட்டார்.

அறைச் சாவியை எங்கே ஒளிப்பது என்பதிலும் அவர் மூளை வேலை செய்தது. அலமாரியில் மாமியாரின் பல் அச்சு இருந்தது, மேல்தாடையும் கீழ்த்தாடையுமாக மாவில் செய்தது. சாவியை அந்த இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்தார். அந்த வாய்க்குள் கைவிடும் தைரியம் இந்த உலகத்தில் எவருக்கும் கிடையாது என்பது அவர் கணக்கு.

பிறகு தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. பல்லுக்குப் பாலிஷ் போடும் மிஷினில் சைலன்ஸருக்குப் பாலிஷ் போட்டார். ஈறைச் சுரண்டும் கத்தியால் கார்புரேட்டர் துவாரத்தைச் சுரண்டினார். துரு போகப் போக உள்ளே இருந்து இளமை எட்டிப் பார்த்தது. கூடவே பயமும் எட்டிப் பார்த்தது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் ஸ்பேனர் கையிலிருந்து நழுவும். நழுவினால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் வேர்க்கும்.

சாப்பாட்டு மேஜைதான் பெரிய கண்டம்.

"ஏங்க, கையெல்லாம் ஒரே கருப்பு?"

"சொத்தைப் பல்லும்மா."

"செட்டுப் பல்லுக்கு எப்படிங்க சொத்தை வரும்?"

டீச்சரின் பாதம் தரையில் படிந்தது. பல்செட்டுக்காரர் தண்ணீரைக் குடித்து, இருமி, இன்னும் கொஞ்சம் குடித்தார்.

"பாக்க நிஜம் மாதிரி இருக்கணும்னு கேக்கறாங்க. அதான் கொஞ்சம் சொத்தையும் வச்சு..."

"ஓஹோ. யாருக்கு இவ்வளவு நாளா கட்டறீங்க?"

"ஒரே ஆள்தான். வயசானவரு. வாய் கொஞ்சம் பெருசு."

மறுநாள் டீச்சர் கூட்டும்போது கிடைத்த ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி.

"இது என்னங்க?"

பல்செட்டுக்காரர் பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்தார்.

"கிளிப்பு. பல்லு நழுவாம இருக்க."

"முழ நீளத்துக்கா?"

"சொன்னேனே, வாய் பெருசு."

"பாவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றாரோ" என்று சொல்லிக் கம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார் டீச்சர். அன்றிலிருந்து அந்தப் பெரிய வாய்க்காரர் வீட்டில் ஒரு ஆள் ஆகிவிட்டார். அவர் சௌக்கியத்தை டீச்சர் விசாரிக்காத வேளை கிடையாது. இஞ்சினுக்கு முதல்முறை உயிர் வந்து டுப்டுப்பென்று அடித்து அடங்கியபோதுகூட, கதவுக்கு வெளியே இருந்து டீச்சர் குரல் வந்தது.

"என்னங்க, உங்க ஆளுக்கு இருமலா?"

பல்செட்டுக்காரர் வண்டியைக் கட்டிப் பிடித்தபடி, "மிஷின்... மிஷின்" என்றார்.

இதற்கு நடுவில்தான், வேறு எவரும் செய்ய முடியாத ஒரு தப்பை அவர் செய்தார். கியர் மிதியின் மேலிருக்கும் ரப்பர் போய்விட்டிருந்தது. அந்தக் காலத்து வண்டிக்கு ரப்பருக்கு எங்கே போவது? தொழில் தெரிந்த மனிதர் கவலைப்படவில்லை. மிதிக்கு மாவில் அச்சு எடுத்தார். ஈறு வார்க்கும் ரோஸ் கலர் கலவையை ஊற்றினார். கால் வழுக்காமல் இருக்க வரி வரியாகச் செதுக்கினார். கச்சிதமாக வந்தது. அந்த மிதியின் தண்டு கொஞ்சம் விரிசல் விட்டிருந்ததால், மூலைக்கடை மெக்கானிக்கிடம் பற்றவைக்கக் கொடுத்தார். அந்த மெக்கானிக் வாயே திறக்காத ஆள் என்று தெருவுக்கே தெரியும். டிரைவிங் ஸ்கூல் கார்களையெல்லாம் பார்ப்பதும் அதே ஆள்தான் என்பது மட்டும், பயத்தில் இருந்த மனிதருக்கு ஞாபகம் வரவில்லை.

ஒருவழியாக வண்டு முழுசாக எழுந்து நின்றது. இனி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு தடவை, தெருமுனை வரைக்கும். பிறகு போர்வையைப் போட்டு மூடி, சாகும்வரை பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை வாகாக அமைந்தது. டீச்சர் விடிந்ததும் விடியாததுமாக அவரை எழுப்பி, "அம்மாவைப் பாத்துட்டு வரேன், டிபன் மூடி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டீச்சர் தூரம் போகட்டும் என்று பல்செட்டுக்காரர் இன்னொரு தூக்கம் போட்டு எழுந்து குளித்தார். நல்ல சட்டை போட்டார். மாமியாரின் தாடையைத் திறந்தார். சாவி இருந்தது. அறையைத் திறந்தார்.

வண்டு இல்லை.

எண்ணெய்த் துணி மட்டும் கிடந்தது, அதுவும் அழகாக மடித்து. திருடனாக இருந்தால் தேவலையே என்று நினைத்தார். திருடன் எவன் துணியை மடித்து வைப்பான்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குப் போகவும் வழியில்லை. வீட்டில் இல்லவே இல்லாத வண்டியைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது? இந்த அறையில் மாமியாரின் கட்டில் எந்தப் பக்கம் வரும், ஃபேன் எந்தப் பக்கம் வரும் என்றெல்லாம் அவர் கண் தானாகவே அளந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது.

"என்ன பண்றீங்க?" டீச்சர் குரல்.

"ஒ... ஒண்ணுமில்ல."

"அதான் தெரியுமே. கிரவுண்டுக்கு வாங்க. நடந்தே வாங்க."

டிரைவிங் ஸ்கூலின் பயிற்சி மைதானம் இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவும் அன்றைக்கு அவருக்கு இரண்டு நாட்டுத் தூரம். உள்ளே வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில், பழைய டயர்களின் வரிசைக்குப் பக்கத்தில், வெயிலில் பளபளத்துக்கொண்டு வண்டு நின்றது. பக்கத்தில் டீச்சர், கையில் காய்க் கூடையோடு.

கேள்வி கேட்கும் வரை பல்செட்டுக்காரர் காத்திருக்கவில்லை. "பெரிய வாய்க்காரர்னு யாருமே இல்லம்மா" என்று ஆரம்பித்து, ஓட்டை வாளியிலிருந்து எண்ணெய்த் துணி வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். டீச்சர் ஒரு காலையும் அசைக்காமல் முழுசாகக் கேட்டார்.

"மெக்கானிக் சொல்லிட்டாரா?" என்று கடைசியில் கேட்டார் இவர், ஈனக் குரலில்.

"அவர் எங்க பேசறாரு? ஸ்கூல் காரை விடப் போனப்ப அவர் மேஜை மேல ஒரு மிதி கிடந்துச்சு. உலகத்துல ஈறு வச்ச வண்டி ஒண்ணு இருந்தா, அது யார் வண்டின்னு நான் யாரைப் போய்க் கேக்கணும்?"

"சரி, சாவி? சாவி எப்படி...?"

"எங்க அம்மா வாயில எதை வச்சாலும் தங்காதுன்னு இத்தனை வருஷத்துல உங்களுக்குத் தெரியலையா?"

டீச்சர் வண்டியின் ஹேண்டில் பாரை அவர் பக்கம் திருப்பினார்.

"ஏறுங்க."

"நானா?"

"உங்க வண்டிதானே? ரொம்ப நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். நிதானமா எடுங்க."

இத்தனை நாள் பயத்துக்கு இப்படி ஒரு முடிவா? அவர் ஏறினார், டீச்சர் பின்னால் உட்கார்ந்தார். ஒரே உதையில் வண்டு பேச ஆரம்பித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. டயர் வரிசையை வளைந்து வந்தார். ஒரு டயர்கூட விழவில்லை. கேட்டைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டார். முகத்தில் காற்று அடித்தது. தோளில் டீச்சரின் கை இருந்தது, சிமெண்டுக்கு முன்னால் இருந்த மாதிரியே. பல வருஷத்துக்குப் பிறகு அவருக்கு எந்தப் பயமும் இல்லை. சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினார்.

வண்டு மெதுவாக வேகம் குறைந்து, ஓரமாக நின்றுவிட்டது.

"ஐயையோ, பிரேக் ஒட்டிக்கிச்சு போல" என்றார் பதறிப்போய். "நான் காலை வைக்கவே இல்ல."

"தெரியும். நான்தான் வச்சேன். காய் வாங்கணும்."

பல்செட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மிதி. அதிலிருந்து ஒரு கம்பி நேராகப் பின்சக்கரத்துக்குப் போயிருந்தது. அன்றைக்குக் காலையில் மூலைக்கடை மெக்கானிக் பூட்டிய கைவேலை. மிதியின் மேல் வரி வரியாக ரோஸ் கலர் ஈறு.

"இது எங்கேர்ந்து...?"

"உங்க டப்பாவுல மிச்சம் இருந்துச்சு."

கேட்கக் கூடாத கேள்விதான். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்போ... உங்க அம்மா விஷயம்?"

"சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். நாளைக்குச் சாமானோட வராங்க. அதான் பின்னாடி ரூம் காலியாயிடுச்சே. தினம் காலையில அவங்களைப் பார்க்குக்கு நீங்கதான் கொண்டுபோய் விடணும், வண்டி இருக்கில்ல."

பல்செட்டுக்காரர் கடைசியாக ஒரு நம்பிக்கையைப் பிடித்துத் தொங்கினார்.

"இந்த வயசுல பைக்ல உக்கார அவங்களுக்குப் பயமா இருக்குமேம்மா."

"பயமா? விடிகாலையில கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய், பின்னாடி உக்கார வச்சு பிரேக் பழக்கித்தான் வீட்டுக்கு அனுப்பினேன்" என்றார் டீச்சர், கூடையை எடுத்துக்கொண்டு இறங்கியபடி. "அவங்களுக்கு என்னைவிடக் கால் வேகம்."