மூக்கைப் பிடித்த தலைக்கவசம்

மன்னர்கள் பெயரே சொல்லாமல் சரித்திரம் சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் நெம்புகோல் அண்ணன்தான். உச்சிப்புளிச் சாலையில் ஒரு தனியார் ஆயுதக் காட்சிக்கூடம். ஆயுதம் துடைப்பவரும் விளக்கம் சொல்பவரும் அவரே. நான் டிக்கெட் கிழிப்பவன், அதுவும் தற்காலிகம்.

இராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ஈரத்தலையோடு வருபவர்கள், "இது எந்த ராசாவோட வாள்?" என்பார்கள்.

"அது எதுக்கு? இது ஒரு ஆப்பு. விறகு பிளக்குற ஆப்புதான், மெருகு மட்டும் சாஸ்தி. அங்கன தொங்குற கோடரி இருக்கே, ஆப்புல நெம்புகோல மாட்டுனது. கைப்பிடி நீளம்னா அடி பலம்!" என்பார் அண்ணன். வெளியே அவர்களை ஏற்றிவந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்.

ஒரு கல்யாணத்தில் சோடா ஓப்பனரும் நெம்புகோல்தான் என்று விளக்க ஆரம்பித்தார். முடிப்பதற்குள் திறந்த பாட்டிலில் காஸ் போய்விட்டது.

என் வேலையை நிரந்தரமாக்க முதலாளி வருவதாக இருந்த நாள். புத்தி கெட்டுப்போய், பழைய இரும்புத் தலைக்கவசத்தை மாட்டி செல்ஃபி எடுத்தேன். அதில் மூக்கை மறைக்க, மேலும் கீழும் நகரும் ஒரு பட்டை. அதை நிறுத்த ஒரு திருகு. வீராவேசமாக இறுக்கிவிட்டேன். அப்புறம் திருகு அசையவே இல்லை. கவசத்தைத் தூக்கினால் மூக்கும் கூடவே வந்தது.

அண்ணன் பதறவில்லை. "ஏலே, திருகுன்னா என்ன தெரியுமா? உருளையில சுத்துன சரிவுப்பாதை."

"அண்ணே, முதலாளி வாராரு! என் பொழப்பே போயிரும்!"

"மண்டபம் ஊருலருந்து வரணும்ல, நேரமாகும், பொறு."

தேங்காய் எண்ணெய் விட்டார். வாசலில் நின்ற பஸ் டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கி, அதன் வாலில் ஒரு பைப்பைச் சொருகினார். "பலத்தக் கூட்டாத, நீளத்தக் கூட்டு" என்று ரெண்டு விரலால் அழுத்தினார். திருகு கிறீச்சென்று அசைந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார்.

"நான்தான் சார் இவனுக்கு மாட்டிவிட்டேன். திருகு எப்பிடி வேலை செய்யுதுன்னு பார்க்க" என்றார் அண்ணன்.

அவர் சொன்னால் நம்பாதவர் யார்? நான் வாயைத் திறக்கவில்லை. பட்டை வாயை மறைத்தது என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் பயம்தான்.

எனக்கு நிரந்தரம் கிடைத்தது. அண்ணனை வாசல் காவலுக்கு மாற்றி, இனி ஆயுதங்கள் பக்கமே வரக்கூடாது என்றார் முதலாளி.

மறுவாரமே முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அவருக்காகப் பொய் சொல்றியா? நல்ல பையன்!" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

இப்போது விளக்கம் சொல்வது நான். வாளை ஆப்பு என்பேன். கோடரிக்கு வந்ததும் கைப்பிடியைப் பற்றி மூச்சுவிட மாட்டேன்.

"ஏலே, நீளத்தச் சொல்லலையே!" என்று வாசலிலிருந்து குரல் வரும். பொறுக்காமல் ஆளும் உள்ளே வந்துவிடுவார். கோடரியைக் கையில் வாங்கிக்கொண்டு, நான் விட்டதையெல்லாம் சொல்லுவார்.

அவர் வரட்டும் என்றுதான் தினமும் விடுகிறேன்.