மத்தியானத்தில் புறப்பட்ட மாதா

இயேசு மரி சூசை துணை

கீரி, மன்னார்.
ஐப்பசி, 1997

பெருமதிப்புக்குரிய வின்சன்ட் சுவாமி அவர்களுக்கு,

உங்கள் அக்கா பெற்றிசியா எழுதிக்கொள்வது. நான் சுகம். வீட்டில் அரிசி இருக்கிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது, மழை தொடங்கிவிட்டதால் கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. கொழும்பில் உங்கள் சுகத்தையும், நீங்கள் ஆசிரியராக இருந்து நடத்தும் மாத இதழின் சுகத்தையும் அறிய ஆவல். நீங்கள் குருப்பட்டம் பெற்ற அன்று அம்மா போட்ட சட்டத்தின்படி உங்களைச் ‘சுவாமி’ என்றும் ‘நீங்கள்’ என்றும்தான் எழுதுகிறேன். இடையில் எங்காவது ‘நீ’ வந்துவிட்டால், சின்ன வயதில் உங்கள் மூக்கைத் துடைத்துவிட்ட கை இது என்று பொறுத்துக்கொள்ளவும்.

நாட்டு நடப்பையும் நாளாந்த வாழ்வையும் விசுவாசக் கண்கொண்டு நோக்கி ஒரு பக்கம் எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். பூகோளம் படிப்பிக்கிற ஒருத்தியிடம் இதைக் கேட்க எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. பேராதனையிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரு பட்டமும், எதையும் இரண்டு தரம் கேட்கும் குணமும்தான். ஞாயிறு பூசைக்குப் போகிறேன். கதவுக்குக் கிட்ட என்பதால் கடைசி வாங்குப் பலகையில் இருக்கிறேன். ஆனாலும் கேட்டவர் தம்பியாயிற்றே என்று எழுதத்தான் நினைத்தேன். ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

செபமாலை மாதமான ஐப்பசியில் நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கூட்டில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவுதான் தங்கும். மறுநாள் அந்தி மணி அடித்த பிறகு, அடுத்த வீட்டார் மெழுகுதிரியும் பாட்டுமாக வந்து அழைத்துப் போக வேண்டும். அழைக்க ஆள் வராமல் மாதா அசையமாட்டா. றோட்டின் இந்தப் பக்கத்தில் கடைசி வீடு என்னுடையது. எனக்கு அடுத்தது றோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லூர்தம்மா வீடு. மாதா என்னிடம் வந்த அன்றைக்கே, வேறெங்கும் இடம் கிடைக்காதது போல, ஆமி அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு சென்றிக் காவலரண் போட்டது. அந்தி மணிக்கு முன்பே தடையை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தாண்டித் திரிவது கழுதைகள் மட்டும். அவற்றிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

ஆக, ஓர் இரவுக்கு வந்த மாதா என் வீட்டில் தங்கிவிட்டா. தங்கியவவைத் தனியே விடலாமா? இந்தப் பக்கத்து வீடுகள் முழுவதும் பின்னேரமானால் என் வீட்டில் கூடிவிடும். செபமாலை, பிரார்த்தனை, பாட்டு, பிறகு வந்தவர்களுக்கு அவித்த கடலையும் தேத்தண்ணியும். ஒரு நாளைக்கென்று வாங்கிய கடலை ஒரு நாளில் முடிந்தது, சனம் முடியவில்லை. கோயில் மூப்பர் யாகப்பர், உயரம் பொருந்துகிறது என்று மாதாவை என் வானொலிப் பெட்டிக்கு மேல் வைத்திருக்கிறார். செய்தி கேட்பதென்றால் மாதாவின் பாதத்துக்குக் கீழே கையை விட்டுத் திருக வேண்டும். நாட்டு நடப்பை விசுவாசத்தோடு நோக்குவது என்று நீங்கள் சொன்னது இதைத்தானோ என்றுகூட யோசித்தேன்.

பக்கத்து வீட்டுச் சிவபாக்கியத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், நறுவிலிக்குளத்தில் வயலை விட்டுவிட்டு இடம்பெயர்ந்து வந்தவ. அவதான் முதல் ஆளாய் வந்து முன்வரிசையில் இருப்பா. பிரார்த்தனையில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று அவ சொல்லும் சத்தத்தில் கண்ணாடிக் கூடு அதிரும். “வந்த அம்மாளை வெறுங்கடலையோட இருத்தலாமே ரீச்சர்?” என்று வெள்ளிக்கிழமை மோதகம் அவித்துக்கொண்டு வந்துவிட்டா. யாகப்பர் மோதகத்தைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், பிறகு இரண்டு எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுவதைப் பார்த்துச் சிவபாக்கியம், “எங்கட ஊரில அம்மன் இப்பிடி வந்து தங்கினா நாங்கள் வெளியில மூச்சே விடமாட்டம் ரீச்சர். மற்றவை கேட்டு வந்திடுவினம். நீங்கள் என்னண்டா முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்” என்றா.

இதெல்லாம் நான் பொறுத்திருப்பேன் சுவாமி. பொறுக்க முடியாதது லூர்தம்மாதான். அவவின் ஒரே மகன் மரியதாஸை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். “விசாரிச்சிட்டு விடுறம்” என்ற பேச்சோடு சரி. அவ தினமும் சோற்றுப் பார்சலோடு காம்ப் வாசலில் நிற்பா. பார்சல் உள்ளே போகும், செய்தி ஒன்றும் வெளியே வராது. திரும்பி வரும் வழியில், தடை திறந்திருக்கும் நேரத்தில், என் வீட்டுக்கு வந்து வானொலிப் பெட்டிக்கு முன்னால் நிற்பா. மாதா தன் வீட்டுக்கு வந்த அன்று மகனும் வருவான் என்பது அவவின் கணக்கு. “மாதாவே றோட்டைத் தாண்ட ஏலாம நிண்டா அவன் எப்பிடித் தாண்டுறது ரீச்சர்?” என்று கேட்டா. நான் இரண்டு தரம் யோசித்தேன். அவவின் மகனை நானே பிடித்து வைத்திருப்பது போல ஒரு கூச்சம்தான் வந்தது.

அன்று பின்னேரம் யாகப்பரிடம் சொன்னேன், “நாளைக்குக் காலமை பத்து மணிக்கு மாதாவைக் கொண்டுபோய் லூர்தம்மா வீட்டில வைப்பம். தடை திறந்திருக்கும்.”

யாகப்பர் நெஞ்சில் சிலுவை போட்டார். “பட்டப்பகலிலயோ? மாதா என்ன சந்தைக்கு மீன் வாங்கவோ போறா?”

“எலிசபெத்தின்ர வீட்டுக்கு மாதா இருட்டின பிறகோ போனவ? விரைந்து போனா எண்டுதானே சுவிசேசத்தில இருக்கு. மெழுகுதிரியோட ஆர் வந்து அழைச்சது?”

“அது யூதேயா நாடு ரீச்சர். இது மன்னார். இஞ்ச ஒரு ஒழுங்கு இருக்கு. மணி அடிக்கோணும், திரிகால செபம் சொல்லோணும், பிறகுதான் புறப்பாடு.”

இந்த மனுசனோடு கதைக்கிறதும் சரி, கழுதைக்கு வீதி ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிறதும் சரி என்று நினைத்துக்கொண்டே கேட்டேன், “திரிகால செபம் எண்டா எத்தினை வேளை?”

“மூண்டு. காலமை, மத்தியானம், அந்தி.”

“மத்தியானமும் மணி அடிக்கிறனீங்களோ?”

“அடிக்காம? நான்தானே அடிக்கிறன்.”

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே இருந்தார். சிவபாக்கியம் முன்வரிசையிலிருந்து, “அப்ப முடிஞ்சுது. மத்தியானம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா. தம்பி, நீ குருமடத்தில் இத்தனை வருசம் படித்தாயே, இந்த நியாயம் உனக்குத் தோன்றியிருக்குமோ?

மறுநாள் மத்தியான மணி அடித்ததும் லூர்தம்மா அந்தப் பக்கத்திலிருந்து கொளுத்திய மெழுகுதிரியோடு அழைக்க வந்தா. நல்ல வெயில். சென்றியில் நின்ற பொடியள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள், தினமும் பார்சலோடு பார்க்கிற முகம்தானே. ஆனால் போனது ஒருத்தி ஒரு திரியோடு. திரும்பி வந்தது கண்ணாடிக் கூட்டைத் தலையில் சுமந்த யாகப்பரும், அவருக்குப் பின்னால் வெயிலில் திரி கொளுத்திக்கொண்டு பாதி ஊரும், பூவுக்கு ஆசைப்பட்டுப் பின்னால் வந்த இரண்டு கழுதைகளும். வாடைக்காற்றில் திரி அணையும், நின்று கொளுத்துவார்கள், பிறகும் அணையும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, சூரியன் உச்சியில் நிற்கும்போது ஒரு கூட்டம் நின்று நின்று நெருப்புக் காட்டுகிறது. நானே ஆமியாயிருந்தாலும் துவக்கைத் தூக்கியிருப்பேன். அவர்களும் தூக்கினார்கள். தடை இறங்கியது. பாட்டு அப்படியே நின்றுபோயிற்று. சிவபாக்கியம் மட்டும் பழக்கத்தில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் சிங்களம் தெரிந்தவள் நான் ஒருத்தி என்று பெயர். தம்பி, உனக்குத்தான் உண்மை தெரியும். நான் பேராதனையில் படித்த சிங்களம் கண்டிச் சந்தையில் மரக்கறி வாங்கப் படித்தது. நேர்த்தி, நம்பிக்கை, ஆசீர் ஒன்றுக்கும் எனக்குச் சொல் தெரியாது. எனக்குத் தெரிந்தது அம்மா, வீடு, பிள்ளை, என்ன விலை, தாருங்கள். அந்தப் பெரிய சனக்கூட்டத்துக்கு முன்னால், ‘இவர்கள் இப்படியிப்படி நம்புகிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நிச்சயமில்லை, இருந்தாலும் மனிதாபிமானத்தோடு யோசியுங்கள்’ என்று நாகரிகமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘நம்புகிறார்கள்’ என்பதற்குச் சொல் இல்லாதபடியால் நம்புகிறவள் மாதிரியே சொல்ல வேண்டியதாய்ப் போயிற்று. இந்த அம்மா அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகிறா என்றேன். அந்த அம்மாவின் பிள்ளை உங்களிடம் என்றேன். அதற்குப் பிறகு, கத்தரிக்காய்க்குக் கேட்ட அதே சொல்லால், “புத்தா தென்ன” என்றேன். பிள்ளையைத் தாருங்கள்.

துவக்கோடு நின்றவன் கூட்டைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினோம். உள்ளே கையை விட்டுத் தடவினான். அதுதான் அவனுடைய வேலை. கையை வெளியே எடுத்துத் தன் நெற்றியில் வைத்தபோதுதான் அவன் கழுத்தில் அந்தோனியார் பதக்கம் தொங்குவதைக் கண்டேன். எங்கள் வேதம்தான், சிலாபத்துப் பொடியன். “பிள்ளையின் பேர் என்ன?” என்று கேட்டான். லூர்தம்மா முந்திக்கொண்டு, “மரியதாஸ், மரியதாஸ்” என்று சிங்களம் தெரியாமலே சொன்னா. அவன் தலையாட்டினான். தடையை உயர்த்திப் பிடித்தான். கடைசிக் கழுதை தாண்டும் வரைக்கும் இறக்கவில்லை.

மாதா லூர்தம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா. அன்று பின்னேரம் நான் தனியே இருந்து வானொலியை நேராகக் கையை நீட்டித் திருகினேன். செய்தியில் வழக்கம்போல எல்லாப் பக்கமும் வெற்றி. மரியதாஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. லூர்தம்மா பார்சலோடு வாசலில் நின்றா. ஒன்றும் நடக்கவில்லை. அதனால் உங்களுக்கு எழுதவும் என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு புதுமையும் நடவாத கதையை வைத்துக்கொண்டு விசுவாசக் கண்ணால் எதை நோக்குவது? இந்தப் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்து, எழுத விருப்பமுள்ள ஒரு கன்னியாஸ்திரியாரிடம் கேட்கும்படி தயவாய் வேண்டுகிறேன். இனிமேல் என் வீட்டு ஒழுங்கில் மாதாவுக்கு அடுத்த ஐப்பசி வரைக்கும் இடமில்லை என்பதையும் யாகப்பரிடம் அறிவித்துவிட்டேன்.

அக்காவாக ஆசீர்வதிப்பதா, சுவாமியிடம் ஆசீர் கேட்பதா என்ற குழப்பம் இந்தத் தடவையும் தீரவில்லை. இரண்டையும் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளுவோம். நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அக்கா,
பெற்றிசியா

பி.கு.: கடிதம் கொண்டுவர இருந்தவர் பாதை பூட்டியதால் இன்னும் புறப்படவில்லை. அதனால் இதை எழுத முடிகிறது. இன்று காலமை மரியதாஸ் வந்துவிட்டான். மெலிந்துபோய், நடந்து, சென்றியைத் தாண்டி. அந்தச் சிலாபத்துப் பொடியன்தான் தடையைத் தூக்கினானாம். சுற்றிவளைப்பில் பிடித்த எல்லோரையும் விசாரணை முடிந்து ஒன்றாகத்தான் விட்டிருக்கிறார்கள், அதில் செபமாலையைக் கண்ணாலும் காணாதவர்களும் உண்டு. இதை நான் யாகப்பருக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “நீங்கள் கேட்டீங்கள் ரீச்சர், மாதா குடுத்தா. விளக்கம் என்னத்துக்கு?” என்றார். லூர்தம்மா, தன் பிள்ளைக்காக மாதா காத்திருந்தது ரீச்சர் வீட்டில்தான் என்று, மாதாவைத் திரும்ப என்னிடமே கொண்டுவந்து ஒன்பது நாள் நன்றிச் செபம் சொல்ல நேர்ந்துவிட்டா. மத்தியான மணிக்குப் புறப்பாடு, சென்றியில் நான் கதைக்க வேண்டுமாம். முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மேலே ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதியிருப்பதை நீயே வெட்டிவிடு. பக்கம் கூடினால் என்னைக் குறை, கழுதைகளைக் குறைக்காதே. இன்னும் எழுதுவேன், மணி அடிக்கப் போகிறது. வானொலியை மேசையின் மற்றப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். கடலை அடுப்பில் இருக்கிறது.