சூடா வரதா?

"சூடா, சூடா வரதா?"

மொட்டை மாடியிலிருந்து சுப்பு கத்தியது, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கரமனை அக்ரஹாரம் முழுக்கக் கேட்டது.

கீழே குளியலறையில் சூடாமணி குழாய்க்கடியில் விரலை நீட்டிப் பார்த்தாள். விரல் சில்லிட்டது. "இல்லையேன்னா. பச்சை வெள்ளம்தான்."

சோலார் ஹீட்டர் வைத்து ஒரு வாரமாகிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. வெந்நீர் மட்டும் வரவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் சுப்பு, மனைவிக்கென்று தானாக யோசித்து வாங்கிய முதல் பொருள் அது. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் கொல்லை அடுப்பில் தென்னமட்டை எரித்து வீட்டுக்கே வெந்நீர் போடுகிறாள். போன மாதம் கண் டாக்டர், "இனிமே புகைகிட்டயே போகாதீங்க" என்று அவளிடம் சொன்னபோது, தன்னைத்தான் திட்டுகிறார் என்று சுப்புவுக்குப் பட்டது. மறுநாளே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஹீட்டருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

"நிழல் விழறது. அதான் காரணம்" என்று முடிவுகட்டி, ஆளைக் கூப்பிட்டுத் தென்னை மட்டைகளை வெட்டச் சொன்னார். கொல்லை நிறைய மட்டை குவிந்தது. தண்ணீர் சுடவில்லை. சூடாமணி மட்டைகளைப் பதமாக நறுக்கி அடுக்கிவைத்தாள்.

"ஆறு மாசத்துக்கு விறகாச்சு" என்றாள்.

சுப்புவுக்குச் சுருக்கென்றது. தெருக்கோடி பிளம்பரை வைத்து ஹீட்டரின் ஸ்டாண்டை உயர்த்தினார். இப்போது ஹீட்டர் தண்ணீர்த் தொட்டியைவிட மேலே போய்விட்டது. அதற்குள் தண்ணீரே ஏறவில்லை. தொட்டியை உயர்த்தக் கொத்தனார் வந்தார். இரண்டு நாள் எந்தக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹாலிலிருந்து சுப்புவின் அப்பா, "சூடா, கால் அலம்ப ஜலம்!" என்றார். அறையிலிருந்து மகன் நவநீத், "அம்மே, குளிக்கான் வெள்ளம்!" என்றான். சூடாமணி கிணற்றில் இறைத்து இறைத்துக் கொடுத்தாள்.

உயர்த்திய தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீரின் வேகத்தில் அடுக்களைக் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அரிசி டப்பா மிதந்தது.

"உனக்கு நல்லது பண்ணப்போய் இப்படி ஆயிடுத்தே" என்றார் சுப்பு, கையில் துடைப்பத்துடன்.

"விடுங்கோன்னா. எனக்கு அடுப்பே போறும்."

அந்தப் பதில்தான் அவரை அறுத்தது. தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாதவள். புகையில் வெந்துகொண்டே போதும் என்கிறாள். இவளுக்கு வெந்நீர் வராமல் விடுவதில்லை என்று ஹீட்டர் விற்ற கடைக்கே போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடை மெக்கானிக் அபிஜித் வந்தான். சுப்பு பின்னாலேயே மாடி ஏறினார். பக்கத்து மாடியில் ஷிஜா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் குடியிருக்கும் நர்ஸ், சூடாமணிக்குத் தோழி.

அபிஜித் ஹீட்டரிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தான். ஆவி பறந்தது.

"சாரே, நேத்து வெயிலுக்கே வெள்ளம் கொதிக்குது. இதுக்கு ஒரு கேடும் இல்ல."

"பின்னே கீழே ஏன் வரலை?"

அவன் குழாயோடு நடந்து ஒரு வால்வைக் காட்டினான். "ஹீட்டர் ரிப்பேர் ஆனா, தொட்டியிலிருந்து நேரா பச்சைத் தண்ணி போறதுக்கு வெச்சது இது. இதை யாரோ திறந்து, சூடு வெள்ளம் போற வால்வை அடைச்சிருக்காங்க."

"இங்கே யார் வரப்போறா? குரங்கா?"

ஷிஜா கையிலிருந்த ஈரத்துணியை மெல்ல உதறினாள். "மாமிதான். நீங்க ஆபீஸ் போனதும் தெனமும் வந்து பார்த்துட்டுப் போவாங்க."

சுப்புவுக்குப் புரியவில்லை. எத்தனை கூத்து, எத்தனை அலைச்சல்! கொல்லைப் பக்கச் சுவருக்கு ஓடினார். கீழே அடுப்பு எரிந்தது. சூடாமணி பலகையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு நெருப்பையே பார்த்திருந்தாள். உதடு அசைந்தது. ஏதோ பாடுகிறாள். அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது.

கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"விளிக்காதீங்க மாமா" என்றாள் ஷிஜா. "புகைக்குப் பயந்து அங்கே ஒருத்தரும் போறதில்லையாமே. அந்த அரை மணி நேரம் மட்டுந்தான் மாமியை யாரும் 'சூடா'ன்னு கூப்பிடறதில்லையாம்."