ரெண்டு தாள் போஸ்டரும் பின்கட்டடத்து நாற்பது பேரும்

சிவகாசி,
மே 2007.

மதிப்புக்குரிய மச்சான், கல்லூரிக் கமிட்டித் தலைவர் சங்கரபாண்டியன் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய காசிராஜன் வணங்கி எழுதுவது. இங்கு நான், தங்கள் தங்கை, பிள்ளைகள், அச்சகத்து மெஷின்கள் யாவரும் நலம். சென்னையில் தங்கள் சர்க்கரையும் பேப்பர் வியாபாரமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறோம்.

நிற்க. வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்குத் தாங்கள் வர வேண்டாம். ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் ஃபேக்ஸ் அனுப்பினால் போதும். எது முடியாது என்பதைச் சொல்கிறேன். பட்டாசுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று நம் கல்லூரியின் பின்கட்டடத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி திறந்தோம் அல்லவா, தாங்கள் ரிப்பன் வெட்ட, நான் நன்றியுரை சொல்ல, அந்தப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று கை தட்டினார்களே, அதுதான். அங்கே கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த நாற்பது பேர் இப்போது முன்கட்டடத்தில் பி.காம். சேர வேண்டுமாம். பல்கலைக்கழகம் சரி என்றுவிட்டது, நாம் தீர்மானம் போட்டால் போதும் என்கிறார்கள். தரம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

இதற்கெல்லாம் தலைவி ஞானசுந்தரி என்ற ஆனைக்குட்டத்துப் பெண். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் அப்பனுக்குக் கை வெந்துபோனதால் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். அவள் அம்மா அய்யம்மாள் நம் தம்பியின் பட்டாசுக் கம்பெனியில்தான் வெடிக்குத் திரி வைக்கிறாள். இந்தப் பெண் ஊர் ஊராகப் போய் மனுவில் கையெழுத்து வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். வாங்கட்டும் என்று விட்டதுதான் என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பை எழுதக் கை கூசுகிறது. போன வாரம் நம் அச்சகத்தில் ஒரு ரெண்டு தாள் சுவர் போஸ்டர் ஓடியது. மேல் தாள் மெஷினில் ஓடும்போது எட்டிப் பார்த்தேன். ‘கல்லூரிச் செயலாளர் காசிராஜன் அவர்களே’ என்று இருந்தது. நம் ஊர்ச் சுவரில் ஒருவன் பெயரைப் பெரிதாகப் போட்டால் அது பாராட்டு என்று கைக்குழந்தைக்கும் தெரியும். கீழ்த் தாளில் ‘வருக வருக’ என்று வரும் என நினைத்து, மெஷினை நிறுத்தி எழுத்தை இன்னும் பெருசாக்கச் சொல்லி, மாலையோடு நான் கும்பிட்டு நிற்கும் போட்டோவையும் எடுத்துக்கொடுத்துவிட்டு, மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் கீழ்த் தாள் ஓடியிருக்கிறது. ‘பின்கட்டடத்தில் படித்தவர்கள் முன்கட்டடத்தில் படிக்கக் கூடாதா? பதில் சொல்லுங்கள்!’

வெம்பக்கோட்டை வரைக்கும் ஒட்டிவிட்டார்கள் மச்சான். ஃபோர்மேன் முத்துராமலிங்கத்தைக் கூப்பிட்டு, “வாசிச்சுப் பாக்க மாட்டியாலே?” என்று கேட்டால், “நம்ம வேலை கலர் பாக்கிறதுதான், மேட்டரைப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொல்லியிருக்கீக” என்கிறான். டீக்கடையில் ஒருவன், “ஏன் அண்ணாச்சி, எம்புட்டு பெரிய மனுசன் நீங்க, இப்படி ஊரு பூராம் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கணுமா?” என்று கண் கலங்குகிறான்.

சரி, கிழித்து எறி என்று அச்சகத்துப் பையன் கோட்டைச்சாமியை அனுப்பினேன். பசை நம் அச்சகத்துப் பசை, நகத்தால்கூடச் சுரண்ட முடியவில்லை. மொதலாளி முகத்தை மறைக்க மனசு வராமல், கீழ்த் தாளின் மேல் மட்டும் அச்சகத்தில் மிச்சம் கிடந்த வேறு கீழ்த் தாள்களை ஒட்டிவிட்டு வந்திருக்கிறான். இப்போது பஸ் ஸ்டாண்டு முழுக்க, ‘கல்லூரிச் செயலாளர் காசிராஜன் அவர்களே’ என்று மேலே நான் கும்பிட்டு நிற்க, கீழே ‘பூப்புனித நீராட்டு விழா, அனைவரும் வருக’ என்று இருக்கிறது. தங்கள் தங்கை இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வந்தால் சிரித்துவிடுகிறாள்.

நேற்று அந்த ஞானசுந்தரி அச்சகத்துக்கே வந்தாள். “போட்டோ எங்க யோசனை இல்ல அண்ணாச்சி. நீங்களா குடுத்தீகன்னு சொன்னாக” என்றாள். நான் அடக்கமாகத்தான் கேட்டேன்: “ஏம்மா, அம்புட்டு பேரும் டிகிரி படிச்சா திரி வைக்க ஆளு எங்கன கெடைக்கும்?”

“அதுக்குத்தான் எங்களைப் பின்னால வச்சிருக்கீகளா அண்ணாச்சி?” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. மெஷின் ஓட்டுகிற பயல்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் பதிலைத் தாங்கள் ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும் என்கிறேன். நாளைக்கு ஒருவன் டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு தங்கள் நாற்காலிக்கே வருவான். இளகிவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல மார்க்கோடும் வளர என் ஆசீர்வாதம். தீபாவளிக்கு வழக்கமான பெட்டி வந்து சேரும்.

தங்கள் அன்புள்ள,
காசிராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. தங்கள் மருமகன் அய்யாதுரை மூன்று பாடத்தில் போய்விட்டான். நம் கல்லூரிக்குப் போன் போட்டேன். செயலாளர் மகனே ஆனாலும் ஃபெயிலானவனுக்கு முன்கட்டடத்தில் இடம் இல்லையாம், நாம் போட்ட விதியையே எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பின்கட்டடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்வார்களாம். அங்கே டிப்ளமோ முடித்தால் அப்புறம் பி.காம். போக வழி வேண்டும் அல்லவா? ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு ‘சம்மதம்’ என்று ஃபேக்ஸ் அனுப்புங்கள். சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மனுவோடு நின்ற ஞானசுந்தரிதான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மனுவை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். கையெழுத்துப் போட அய்யம்மாளுக்குக் கீழேதான் இடம் இருந்தது. போட்டுவிட்டேன்.