தண்ணீர் அட்டையில் சிங்க முகம்

ஒரு காட்டில் கோடை வந்து குளங்களெல்லாம் வற்றி, ஒன்றே ஒன்று மிஞ்சியது. மிஞ்சியது ஒன்று என்றானதும் அதற்கு ஓர் அலுவலகம் வந்துவிட்டது. படம் போட்ட தண்ணீர் அட்டை இல்லாமல் யாரும் குளத்தில் வாய் வைக்கக் கூடாது என்று உத்தரவானது.

உருட்டாயி என்ற அழுங்குக்கு மட்டும் அட்டை கிடைக்கவில்லை. அழுங்கு பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிராணி. கேமரா வெளிச்சம் அடித்த மூன்று தடவையும் அது சுருண்டுகொண்டதால் முகமே படத்தில் விழவில்லை. படமில்லாத பெயரைத் திறந்தால் அலுவலகக் கம்ப்யூட்டரில் மென்பொருள் அப்படியே உறைந்து நின்றது. எழுத்தராக இருந்த சடையன் கரடி கையை விரித்துவிட்டது. வீட்டில் குட்டி நாலு நாளாக இலையில் ஒட்டிய பனியை நக்கிக்கொண்டு கிடந்தது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது, பாவம்.

மென்பொருள் எழுதிய மரங்கொத்தி தச்சமுத்துவைக் கூப்பிட்டார்கள். படம் இல்லாத இடத்தில் வேறொரு மாற்றுப் படத்தைக் காட்டினால் மென்பொருள் நிற்காது என்றது அது. யார் படத்தை வைப்பது? முயலை வைத்தால் மான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். மானை வைத்தால் நரி வழக்குப் போடும். ராஜா படத்தை வைத்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று கரடி யோசனை சொன்னது. இரண்டும் தங்கள் புத்தியைத் தாங்களே மெச்சிக்கொண்டன.

மறுநாள் உருட்டாயி பெயரைத் திறந்தால் திரையில் சிங்கம். கரடி பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, மறுபேச்சில்லாமல் அட்டையை அடித்துக் கொடுத்தது. குட்டி வயிறு நிறையக் குடித்தது. சிங்கப் படம் வந்தால் கரடி கேள்வி கேட்காது என்ற விஷயம் கசிந்ததும், ஒவ்வொரு தடவையும் நின்று பதில் சொல்ல யாருக்குப் பொறுமை? காடே தன் படத்தை அழிக்கச் சொல்லி மனுக் கொடுத்தது. ஒரே வாரத்தில் எலி முதல் எருமை வரை எல்லோரும் சிங்கம்.

கடைசியில் தாகம் தாங்காமல் சிங்கமே அலுவலகத்துக்கு வந்தது. கரடி திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தது.

"உங்க படம் வரலைங்க ராஜா. இது படம் இல்லாதவங்களுக்கு வர்ற படம். மத்தவங்களுக்கு இது போதுங்க, ராஜாங்கிறதுக்குத்தான் அத்தாட்சி வேணும்."

"என்னைப் பார்த்தாத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே. தெரிஞ்சவங்க யாராவது கையெழுத்துப் போடட்டும்."

வரிசையில் அடுத்து நின்றது உருட்டாயி. கரடி அதனிடம் அத்தாட்சிப் படிவத்தை நீட்டியது. இவர்தான் சிங்கம் என்று கையெழுத்துப் போட்டால், தன் அட்டையில் இருக்கும் சிங்கம் யார் என்றும் எழுத வேண்டுமாம். உருட்டாயிக்குச் சிங்கத்தைப் பார்க்க உண்மையிலேயே பரிதாபமாக இருந்தது. வீட்டில் குட்டி இருந்தது.

"ராஜாவை நான் படத்துலதாங்க பார்த்திருக்கேன்" என்றது. "அவர் இன்னும் கொஞ்சம் வாட்டசாட்டமா இருப்பாரு."

நீதி: ராஜாவின் முகம் எல்லோருக்கும் உதவும், ராஜா மட்டும் வேறு முகம் கொண்டுவர வேண்டும்.