விடுமுறைப் பாலில் டீத்தண்ணீர்

இந்த வருடம் தூங்குவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்துவிட்டார்.

வருடம் முழுக்க அல்ல. ஒரே ஒரு நாள். ஆண்டு விடுமுறையின் முதல் நாள், மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கெல்லாம் வழி சொல்கிறவர் அவர். சொந்தக் கண் மட்டும் அந்த ஒரு மதியம் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

காரணம் விடுமுறைப் பால். மனைவி வீட்டு வழக்கம். கல்யாணத்தின்போது பீரோ, கட்டில், மைத்துனன் ஆகியவற்றோடு சேர்ந்து வந்தது. காலை ஒன்பதரைக்குப் பால் அடுப்பில் ஏறும். கொதி வந்ததும் சர்க்கரை, பட்டை, ஒரு கை ஜாதிக்காய்ப் பொடி. பிறகு பன்னிரண்டரை வரை சிறுதீயில், நின்றபடி, நிறுத்தாமல் கிண்ட வேண்டும். அது இறங்கும்வரை வீட்டில் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதையும் யாரும் குடிக்கக் கூடாது. இன்னொரு விதி இதைவிடக் கடுமை. முதலில் கரண்டி விட்ட கைதான் கடைசிவரை கிண்ட வேண்டும். கை மாறினால் பால் திரிந்துவிடுமாம். திரிந்து யாரும் பார்த்ததில்லை. கை மாற்றிப் பார்க்கவும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

ஒரு டம்ளர் உள்ளே போனால் போதும். கண்ணாடிக்காரர் மாடிக்குப் போய், கோடுபோட்ட துணி கட்டிய தன் சாய்வு நாற்காலியில் சாய்வார். அறையின் சுவர்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். நாற்காலியின் அடியில் தண்ணீர் வந்து சேரும். துணி உப்பிப் பாயாகும். பாலின் நிறத்தில் ஒரு கடல், அதில் அவர் மட்டும். யாரும் கூப்பிடாத திசையில், துடுப்புப் போடாமல் போய்க்கொண்டே இருப்பார். வருடத்தில் அவர் போகும் ஒரே பயணம் அதுதான்.

கரைக்குத் திரும்பினால் வீட்டில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும்.

ஒரு வருடம் ரேடியோ. அடுத்த வருடம் சைக்கிள். போன வருடம் புத்தக அலமாரி.

"அலமாரி எங்கே?" என்று கேட்டார்.

"எந்த அலமாரி?" என்றாள் மனைவி.

"இங்க நின்னுட்டிருந்ததே."

"பதினஞ்சு வருஷமா நின்னுச்சு. கால் வலிக்காதா? தம்பி வீட்டுக்குப் போயிருக்கு."

தம்பி என்றால் மைத்துனன். அவன் வீட்டுக்குப் போனால் கண்ணாடிக்காரருக்குத் தன் இளமையையே சுற்றிப் பார்ப்பதுபோல இருக்கும். எல்லாம் துடைத்துப் பளபளவென்று இருக்கும்.

போன வாரம் அதே மைத்துனன் வந்து, மாடிக்குப் போய், சாய்வு நாற்காலியைச் சாணால் அளந்தான். இறங்கும்போது படிக்கட்டையும் அளந்தான்.

"என்ன மாப்ளே, அளவெல்லாம்?"

"சும்மா மாமா. கை சும்மாதானே இருக்குன்னு."

அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம். நடுக்கடலில் இருக்கும்போது தன்னை ஒரு பாயில் உருட்டிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனால்? முழித்துப் பார்த்தால் கப்பல் இருக்காது, கடல் இருக்காது, வெறும் தரைதான் இருக்கும்.

டீ யோசனை அவருக்குத் தானாகத்தான் உதித்தது. சில நாள் முன்பு டம்ளரைக் கழுவிக்கொண்டே மனைவி, "அந்தி சாய்ஞ்சு டீ குடிச்சா எனக்குப் பொட்டுத் தூக்கம் வரதில்லைங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். நான்கு நாள் கழித்து, கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருக்கையில், தன் மூளையை நினைத்துத் தானே வியந்துபோனார். விடுமுறைப் பாலிலேயே டீயைக் கலந்துவிட்டால்? வந்தவர் மூன்றாம் வரி தெரியவில்லை என்றார். "எனக்கு எல்லாம் தெரியுது" என்றார் இவர்.

கடையிலேயே நாலு பேருக்கான தேயிலையை ஒரு பேருக்கான தண்ணீரில் கொதிக்கவைத்து, சின்ன ஃபிளாஸ்க்கில் ஊற்றி, கண்ணாடி உறைகள் வைக்கும் பைக்குள் ஒளித்து வைத்து வீடு கொண்டுவந்தார்.

விடுமுறையும் விடிந்தது. பால் அடுப்பில் ஏறியது. கண்ணாடிக்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நாளிதழ் படித்தார்.

மனைவி மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். அவர் எழுந்தார். உட்கார்ந்தார்.

மனைவி வாசலுக்குப் போனாள். அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார். மூடினார்.

பால் பொங்கி வரும் நேரம் பார்த்து மனைவி போன் பேச முன்னறைக்குப் போனாள். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தார்.

வெள்ளைப் பாலின் நடுவே செம்மண் ஆறுபோல ஒரு கோடு ஓடியது. ஊர் முழுக்கச் சொல்லிவிடும் போலிருந்தது. கலக்கினால்தான் மறையும். பக்கத்திலிருந்த கரண்டியை எடுத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"அட" என்றாள் மனைவி. கதவருகே நின்றிருந்தாள்.

"பொங்குச்சு. அதான்."

"கரண்டிய விட்டுட்டீங்களா?"

"லேசா."

"லேசா விட்டாலும் கை கைதான். சரி, கிண்டுங்க." சர்க்கரையைக் கொட்டினாள். பட்டையைப் போட்டாள். ஜாதிக்காய்ப் பொடியைத் தூவினாள். "நிறுத்தாதீங்க. அப்பா பன்னிரண்டரைக்கு வந்துடுவாரு. வருஷம் பூரா இதுக்காகத்தான் காத்திருக்காரு."

"மூணு மணி நேரமா?"

"நான் இருபத்திரண்டு வருஷமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிண்டினார். வலது கை ஓய்ந்தால் இடது கை. இடதும் இவர் கைதானே, விதியில் இடமிருந்தது. முதல் மணி நேரம் கோபமாகக் கிண்டினார். பிறகு கோபமும் பாலோடு சேர்ந்து சுண்டியது. ஜன்னல் வழியே சந்தின் வெளிச்சம் சாய்வாக வந்து ஆவியில் ஏறி நின்றது. பால் பொன்னாகி, பொன் தேன் நிறமாகி, கரண்டிக்குப் பின்னால் மெல்லிய அலை வட்டமிட்டது. ஜாதிக்காய் மணம் கண் இமையில் வந்து உட்கார்ந்தது. அடுக்களைச் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகத் தொடங்கின. நின்றபடியே கடலுக்குள் போனார்.

அப்போது ஜன்னலில் கப்பல் வந்தது.

முதலில் நாலு கால்கள் தெரிந்தன. பிறகு மரக்கை. பிறகு கோடுபோட்ட துணி, காற்றில் உப்பி, பாய்போல. வானத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, ஆடி ஆடி இறங்கியது. இத்தனை வருடமும் உள்ளே உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார். வெளியிலிருந்து பார்க்க இவ்வளவு அழகா? கண்ணாடிக்காரர் அதற்குத் தலையசைத்து வழியனுப்பினார்.

"மாடி ஜன்னல் விளிம்புல கயிறு இழுக்குது, அக்கா. பாத்துப் பிடி" என்று வானம் பேசியது. மைத்துனனின் குரலில்.

"விடு, விடு. பிடிச்சிட்டேன்." சந்தில், ஜன்னலுக்கு நேர் வெளியே, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மனைவி நின்றாள்.

சுவர்களெல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

"என்னது அது?"

"எது?"

"அது என் நாற்காலி."

"படிக்கட்டுல திரும்பாதுங்க. தம்பி அளந்து பாத்துட்டான்."

"அதைக் கீழே வை."

"கீழதானே வைக்கிறோம்."

"நான் இப்ப வெளிய வரேன்."

"வாங்களேன்" என்றாள், ஜன்னல் கம்பி வழியே பாலை எட்டிப் பார்த்தபடி. "கரண்டிய விட்டா திரியும். பரவால்ல. அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

கண்ணாடிக்காரர் ஒரு கண்ணால் நாற்காலியைப் பார்த்தார், ஒரு கண்ணால் பாலைப் பார்த்தார். பால் அப்படி ஒரு நிறத்தில் இருந்தது. கட்டி இல்லை, அடிப்பிடிக்கவில்லை. இந்த வீட்டில் அவர் கையால் உருப்படியாக ஆன முதல் பொருள். வெளியே போ என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை. அது பாட்டுக்குக் கிண்டிக்கொண்டிருந்தது. சந்து முனையில் கப்பல் மைத்துனன் தலைமேல் ஏறித் திரும்பி மறைந்தது.

பன்னிரண்டரைக்கு மாமனார் வந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி குடித்தார்.

"இதென்ன, இந்த வருஷம் சுறுசுறுப்பா இருக்கு? யார் கை?"

"உங்க மாப்பிள்ளை கைதான்பா" என்றாள் மனைவி.

"இனிமே வருஷா வருஷம் அவரே கிண்டட்டும்" என்றார் மாமனார்.

மதியம் வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. கண்ணாடிக்காரர் மாடிக்குப் போய், நாற்காலி இருந்த இடத்தில் நாலு கால் தடத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். கொட்டக் கொட்ட விழித்திருந்தார். மனைவி இன்னொரு டம்ளர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார். "எப்பவும் நான் தூங்கினப்புறம்தானே எடுப்பீங்க?"

"மத்ததெல்லாம் எடுக்கலாம். நீங்க தூங்கறதே அதுலதானே. அத எப்படி எடுக்கறது? உருட்டி விட்டுடலாம்னான் தம்பி. பாவம், முழிச்சிருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

"அப்போ டீ?"

"நல்ல யோசனைங்க. ஆனா நாலு நாள் ஆச்சு உங்களுக்குத் தோண. இன்னிக்கும் மூணு தடவை எழுந்து வெளிய போனேன், அப்புறம்தான் ஊத்திக் கரண்டிய விட்டீங்க."